நுனி தேயும் இழைகள்

கயிறு திரிப்பவர் அதன் நுனியில் முடிச்சிட்ட பின்னரே கீழே வைப்பார். முடிச்சில்லாத கயிறு சில நாள்களிலேயே புரி பிரிந்துபோகும். நம் செல்களின் உட்கருவில் உள்ள குரோமோசோம்களுக்கும் இத்தகைய நுனிக்காப்பு உண்டு. அதன் பெயர் டெலோமியர். கிரேக்க மொழியில் ‘டெலோஸ்’ முடிவையும், ‘மெரோஸ்’ பகுதியையும் குறிக்கும். பழ ஈக்களை ஆராய்ந்த ஹெர்மன் முல்லர் 1938ஆம் ஆண்டு இப்பெயரைச் சூட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் மக்காச்சோளத்தை ஆராய்ந்த பார்பரா மெக்கிளின்டாக், உடைந்த குரோமோசோம்களின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும், இயல்பான முனைகள் ஒட்டாமல் நிற்பதையும் கண்டார்.

உடலுக்கு வெளியே வளர்க்கப்படும் செல்கள் முடிவின்றிப் பெருகும் என்று அறிவியலாளர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1961ஆம் ஆண்டு லியோனார்டு ஹேஃபிளிக்கும் பால் மூர்ஹெட்டும் அந்நம்பிக்கையைத் தகர்த்தனர். மனிதச் செல்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன. அவை உறைய வைக்கப்பட்டு, மீண்டும் வளர்க்கப்பட்டாலும் விட்ட எண்ணிக்கையிலிருந்தே தொடர்கின்றன. அவ்வாறாயின் இக்கணக்கை எழுதி வைப்பது எது?

விடையின் முதல் இழை 1971இல் உருசிய அறிஞர் அலெக்சி ஒலோவ்னிகோவிடம் கிடைத்தது. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியால் இழையின் கடைசி நுனியை முழுமையாகப் படியெடுக்க இயலாது. எனவே ஒவ்வொரு பிரிவிலும் நுனி சிறிது குறையும் என்றார் அவர். குறைவதால் உடனடி இழப்பில்லை. ஏனெனில் அந்நுனியில் புரதங்களுக்கான குறிப்புகள் இல்லை. தைமின் இரண்டு, அடினைன் ஒன்று, குவானைன் மூன்று என்னும் ஆறெழுத்துச் சொல்லே அங்கு ஆயிரக்கணக்கான முறை எழுதப்பட்டுள்ளது. அது தேய்ந்து ஓர் எல்லையைத் தொடும்போது செல் பிரிவதை நிறுத்துகிறது.

நுனியை மீண்டும் நீட்டும் நொதியும் உண்டு. குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்னும் ஒற்றைச் செல் உயிரியில் அதன் தடயத்தை கரோல் கிரைடர் 1984ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கண்டார். அப்போது அவர் எலிசபெத் பிளாக்பர்னின் ஆய்வு மாணவி. டெலோமரேஸ் எனப்படும் இந்நொதிக்கும் டெலோமியர் பற்றிய கண்டுபிடிப்புகளுக்குமாக இவ்விருவரும் ஜாக் ஷோஸ்டாக்கும் 2009இல் நோபல் பரிசு பெற்றனர்.

அவ்வாறெனில், ஒரு துளிக் குருதியைக் கொண்டு ஒருவரின் மெய்யான முதுமையை அளந்துவிடலாமா? அறுபது வயதைக் கடந்த 143 பேரின் குருதியை ஆராய்ந்த ரிச்சர்டு காத்தன் குழுவினர், குறுகிய டெலோமியர் உடையோரிடம் இறப்பு விகிதம் மிகுந்திருந்ததை 2003இல் வெளியிட்டனர். அதன்பின் இவ்வளவை விலைக்கு அளந்து தரும் நிறுவனங்களும் தோன்றின. அந்த ஆர்வம் சற்று அவசரமானதே. பலரைக் கூட்டிப் பார்க்கையில் தென்படும் போக்கு, தனியொருவரிடம் தெளிவாக வெளிப்படுவதில்லை. பிறக்கும்போதே குழந்தைக்குக் குழந்தை இந்நீளம் வேறுபடுகிறது. ஆய்வகச் சுண்டெலியின் டெலோமியர் நம்முடையதைவிட மிக நீளமானது. அதன் ஆயுளோ இரண்டு, மூன்று ஆண்டுகளே!

நீளம் மிகுவதும் நன்மையன்று. புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு டெலோமரேஸை மீண்டும் விழிக்கச் செய்தே கட்டின்றிப் பெருகுகின்றன. பிறவியிலேயே நீண்ட டெலோமியர் உடையோர்க்குச் சிலவகைப் புற்றுநோய் வாய்ப்பு கூடுதலாகும்.

இவ்வளவீடு உறுதியாகப் பயன்படும் இடம் வேறு. டெலோமியர் காக்கும் மரபணுக்கள் பழுதுற்ற சிலருக்கு இளமையிலேயே நகங்கள் சிதையும், எலும்பு மஜ்ஜை குருதியணுக்களை ஆக்கும் ஆற்றலை இழக்கும், நுரையீரல் தழும்பேறும். வயதுக்குரிய அளவைவிட மிகக் குறுகிய டெலோமியர் இந்நோயை அடையாளம் காட்டுகிறது. அவர்களுக்கு மஜ்ஜை வழங்க முன்வரும் உடன்பிறப்பையும் மருத்துவர் முதலில் சோதிப்பர். நலமாகத் தோன்றும் அவரும் அதே பழுதைச் சுமந்திருக்கக்கூடும்.