5 கிராம் வெள்ளி

பாலித் தீவில் டென்பசாரிலிருந்து உபுத் போகும் சாலையில் ஊருக்கு ஒரு கைத்தொழில். பதுபுலானில் கல் செதுக்குகிறார்கள், மாஸில் மரம் செதுக்குகிறார்கள். இடையில் வரும் செலுக், வெள்ளி வேலைக்காரர்களின் ஊர். சாலையின் இருபுறமும் பெரிய நகைக்கடைகள் நிற்கின்றன. வேலை நடப்பது அவற்றின் பின்கட்டிலும், சந்துகளுக்குள் இருக்கும் வீட்டுத் தாழ்வாரங்களிலும். பயணிகளை உட்காரவைத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு மோதிரமோ பதக்கமோ செய்யக் கற்றுத்தரும் வகுப்புகள் இங்கேயும் உபுத்திலும் நிறைய உண்டு. கட்டணத்தில் பெரும்பாலும் 5 கிராம் வெள்ளி அடக்கம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கிராம் கணக்கில் தனியே கொடுக்க வேண்டும்.

மூன்று மணி நேரத்தில் யாரும் தட்டாராகிவிட முடியாது. ஆனால் வெள்ளி என்ற உலோகத்தின் குணத்தைத் தெரிந்துகொள்ள அந்த நேரம் தாராளம். அடித்தால் இறுகும், சுட்டால் இளகும், உருகினால் தானாக உருண்டு திரளும் என்பதையெல்லாம் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். கையில் குறடும் காலடியில் துருத்தியும் இருக்கும்போதுதான் அது மனதில் தங்குகிறது. பாலிக்குப் போகிறவர்கள் கடற்கரையில் கழிக்கும் ஒரு முற்பகலை இதற்குக் கொடுக்கலாம் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

பாலியில் உலோக வேலை பாண்டே என்னும் குலத்தாரின் தொழில். கிரிஸ் என்ற நெளிந்த குத்துவாளை அடித்தவர்களும், கோயிலுக்கும் அரண்மனைக்கும் பொன் வெள்ளிச் சாமான்கள் செய்தவர்களும் அவர்கள்தான். நெருப்பை ஆளுகிறவர்கள் என்று சமூகத்தில் அவர்களுக்குத் தனி மதிப்பு உண்டு. 1970களிலிருந்து சுற்றுலா பெருகப் பெருக, செலுக்கில் மற்றக் குடும்பங்களும் வயலை விட்டுப் பட்டறைக்கு வந்தன. 210 நாளுக்கு ஒருமுறை தும்பெக் லண்டெப் என்று ஒரு நாள் வருகிறது. அன்று சுத்தியல், அரம், கத்தி எல்லாவற்றுக்கும் படையல். இப்போது மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும்கூட மாலை விழுகிறது. ஆயுத பூஜை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வகுப்பில் உங்கள் கைக்கு வருவது தூய வெள்ளி அல்ல. தூய வெள்ளி மெத்தென்றிருக்கும். மோதிரமாகப் போட்டால் கொஞ்ச நாளில் கோணிவிடும். அதனால் 1000 பங்கில் 925 பங்கு வெள்ளியும் 75 பங்கு பெரும்பாலும் செம்பும் சேர்த்த கலவையையே பயன்படுத்துகிறார்கள். நகையின் உட்புறம் 925 என்று குத்தியிருப்பது இதைத்தான். செம்பு அணு வெள்ளி அணுவைவிடச் சிறியது. வரிசையாக அடுக்கியிருக்கும் வெள்ளி அணுக்களுக்கு நடுவே அது புகுந்தால், அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது தடைபடுகிறது. கடினம் கூடுகிறது. உருகும் வெப்பநிலையும் இறங்குகிறது: தூய வெள்ளிக்கு 962 டிகிரி செல்சியஸ், இந்தக் கலவை 900க்குச் சற்று முன்பே முழுதாக உருகிவிடும்.

மூசையில் உருக்கி வார்த்த சிறு கட்டியைச் சுத்தியலால் தட்டியோ உருளைகளுக்கு நடுவே விட்டோ தகடாக்குவார்கள். கம்பி வேண்டுமென்றால், வரிசையாகத் துளைகள் போட்ட எஃகுப் பலகை ஒன்று இருக்கும். பெரிய துளையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சிறிய துளைக்கு இழுத்துக்கொண்டே போக வேண்டும். தடிமன் பாதியானால் நீளம் 4 மடங்காகும். முதல் சில இழுப்புகள் சுலபம். பிறகு கம்பி விறைத்துக்கொள்ளும். தகடும் அப்படித்தான்: அடிக்க அடிக்கச் சுத்தியலின் ஓசையே மாறும், மந்தமாக விழுந்த அடி கணீரென்று கேட்கத் தொடங்கும். உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள் நசுங்கி, அவற்றில் உள்ள பிசகுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, இனி நகர இடமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டன என்பதற்கு அந்த ஓசைதான் அடையாளம். அதற்கு மேலும் அடித்தால் விளிம்பில் வெடிப்பு விடும்.

மருந்து நெருப்புதான். சுமார் 600 முதல் 650 டிகிரி வரை சூடாக்கினால், நசுங்கிய படிகங்களின் இடத்தில் புதுப் படிகங்கள் முளைத்து வளரும். உலோகம் பழையபடி இளகும். வெப்பமானியெல்லாம் கிடையாது. மங்கிய சிவப்பு தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் அளவு. வெயிலில் அந்தச் சிவப்பு தெரியாது என்பதால்தான் பட்டறையில் நெருப்பு வேலைக்கு எப்போதும் நிழலான மூலை. சிவந்ததும் தண்ணீரில் முக்கிவிடலாம். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகும். வெள்ளியோ முக்கிய பிறகும் இளக்கமாகவே இருக்கும். வாளோடு பழகிய குலம் வெள்ளியோடும் பழகியபோது, இரண்டு உலோகத்துக்கும் இரண்டு விதமான பொறுமை வேண்டியிருந்திருக்கும்.

செலுக்கின் பழைய பட்டறைகளில் நெருப்பு வரும் விதம் பார்க்கத்தக்கது. காலால் மிதிக்கும் துருத்தியிலிருந்து காற்று ஒரு பெட்ரோல் குப்பிக்குள் போகிறது. அங்கே ஆவியை அள்ளிக்கொண்டு குழாய் வழியாகக் கையிலிருக்கும் ஊதுமுனைக்கு வந்து எரிகிறது. வேகமாக மிதித்தால் தீ கூர்மையாகி நீளும். மெதுவாக மிதித்தால் பரவி மென்மையாகும். தீயின் அளவு காலில், திசை கையில், முடிவு கண்ணில். இந்த மூன்றும் ஒத்துப்போகும் வரை புதியவர்களுக்குத் திணறல்தான். பெட்ரோலும் நெருப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஆசிரியர் அருகில் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. காற்றோட்டம் இல்லாத அறையில் வகுப்பு நடந்தால் எழுந்து வந்துவிடுவதே நல்லது. உலோகத்தை ஒட்டவைக்கும் பழைய வகைப் பற்றுப்பொடிகளில் காட்மியம் கலந்திருப்பதுண்டு. அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

தகட்டை விரல் அளவுக்கு வெட்டி, மரச்சுத்தியலால் உருளைமேல் தட்டி வளைத்து, இரு முனைகளையும் அரத்தால் தேய்த்து இடைவெளியில்லாமல் பொருத்துகிறோம். இனிப் பொடி வைத்து ஊத வேண்டும். பொடி என்பது வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் கலந்து, மோதிரத்தைவிடக் குறைந்த சூட்டில் உருகும்படி செய்த கலவை. அதோடு வெண்காரம். சூட்டில் செம்பு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கருப்புப் படலம் கட்டும். அந்தப் படலத்தின்மேல் பொடி ஒட்டாது. வெண்காரம் முதலில் பொரியாகப் பொங்கி, பிறகு கண்ணாடியாக உருகிப் பரவி, அந்தப் படலத்தைக் கரைத்துக் காற்றையும் மறைக்கிறது.

புதியவர்கள் எல்லாரும் தீயைப் பொடியின்மேல் பிடிப்பார்கள். பொடி உருகி அங்கேயே முத்தாகத் திரண்டு நிற்கும், இணைப்புக்குள் இறங்காது. காரணம், உருகிய பொடி எப்போதும் சூடான உலோகத்தைத் தேடித்தான் ஓடும். மோதிரம் முழுவதும் அந்தச் சூட்டுக்கு வந்தாக வேண்டும். அதில் இன்னொரு சிக்கல்: உலோகங்களிலேயே வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. இரும்பைவிட 5 மடங்குக்கும் அதிகம். ஒரு முனையில் கொடுத்த சூடு நொடியில் மறுமுனைக்குப் போய்விடும். மோதிரத்தில் ஓர் இடத்தை மட்டும் சுடுவது நடக்காத காரியம். எனவே தீயைச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். மோதிரம் முழுதும் சிவந்துவரும் ஏதோ ஒரு நொடியில், இணைப்பின் கோட்டில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் ஓடும். பொடி உருகி நுண்புழை ஈர்ப்பால் இடுக்குக்குள் இழுக்கப்பட்டுவிட்டது. அந்த நொடியிலேயே தீயை விலக்க வேண்டும். தாமதித்தால் மோதிரமே உருகும்.

இதுவரை சொன்னது உலகின் எந்த வெள்ளிப் பட்டறைக்கும் பொருந்தும். செலுக்குக்கே உரிய பெருமை ஜாவான். கடுகைவிடச் சிறிய வெள்ளி உருண்டைகளை நகையின்மேல் வரிசையாகவும் கொத்தாகவும் பதிக்கும் வேலை இது. வகுப்பில் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பலரும் எளிய வளையத்தைக் கேட்பார்கள். ஜாவான் வைத்த ஒன்றைக் கேளுங்கள், ஒரே ஒரு பூ வடிவமானாலும் போதும். பாலியில் வந்து பாலிக்கு உரியதைத் தொடாமல் போவானேன்?

மெல்லிய கம்பியைச் சம நீளத் துண்டுகளாக நறுக்கி, கரிக்கட்டையின்மேல் இடைவெளி விட்டுப் பரப்பித் தீயைக் காட்ட வேண்டும். துண்டு சிவக்கும், விளிம்பு மினுங்கும், சட்டென்று சுருண்டு உருண்டையாகிவிடும். யாரும் உருட்டவில்லை, அச்சும் இல்லை. உருகிய வெள்ளியின் பரப்பு இழுவிசை தண்ணீரைப்போல 12 மடங்குக்கும் மேல். எந்தத் திரவமும் தன் மேற்பரப்பைக் குறைத்துக்கொள்ளவே பார்க்கும். ஒரே கன அளவுக்கு மிகக் குறைந்த மேற்பரப்பு உள்ள வடிவம் கோளம். துளி சிறிதாக இருப்பதால் புவியீர்ப்பு அதைத் தட்டையாக்கும் முன்பே இழுவிசை வென்றுவிடுகிறது. பெரிய துளியானால் அடி சப்பிவிடும். துண்டுகள் ஒரே நீளமாக இருந்தால் உருண்டைகளும் ஒரே அளவாக வரும். ஆகவே நறுக்குவதில்தான் கவனம் எல்லாம்.

உருண்டைகளைச் சாமணத்தாலோ ஈரத் தூரிகை முனையாலோ ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். தீயின் காற்றுப் பட்டால் பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளப் பசை வேண்டும். அந்தப் பசை வரும் இடம் நமக்கு நன்றாகத் தெரிந்தது. பாலிக்காரர்கள் பிலிங்-பிலிங் என்று சொல்லும், சிவப்பில் கருப்புப் பொட்டு வைத்த விதை, நம் குன்றிமணி. கல்லில் தண்ணீர் விட்டு உரைத்தால் கிடைக்கும் குழம்புதான் பசை. நம் பக்கத்துப் பொற்கொல்லர்கள் குன்றிமணியைத் தராசில் எடைக்கல்லாக வைத்தார்கள். நுட்பமான துண்டுகளைப் பிடித்துவைக்க அரைத்துப் பசையாகவும் பயன்படுத்தினார்கள். ஒரு குன்றிமணி சுமார் 0.12 கிராம். 1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வெள்ளி உருண்டைகளை ஏறக்குறைய 22 எண்ணி வைத்தால்தான் தராசு சமமாகும். அரைத்த குன்றிமணி கடுமையான விஷம் என்பதை மறக்கக்கூடாது. அந்தக் கையோடு எதையும் தின்னாமல் முதலில் கழுவிவிட வேண்டும்.

பிறகு வெண்காரம் கலந்த பொடியை மிக மெல்லியதாகத் தூவி, நகை முழுவதையும் மெதுவாகச் சுடுகிறார்கள். பசை கரிந்து போகும். பொடி உருகி ஒவ்வோர் உருண்டையின் அடியிலும் நுழையும். கூடுதலானால் இடுக்குகளை நிரப்பி உருண்டைகளை மூழ்கடித்துவிடும். நல்ல ஜாவானில் உருண்டை தகட்டைத் தொடும் இடம் ஒரு புள்ளியாகத்தான் தெரியும், கோளம் முழுதாகக் கண்ணுக்குத் தெரியும். கடையில் நகை வாங்குகிறவர்களும் இதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத் தரம் சொல்லிவிடலாம். மொத்தமாக அச்சில் வார்த்ததில் உருண்டைகளுக்கு அடியில் சதை வைத்திருக்கும்.

இதுபோன்ற உருண்டை வேலை பழங்காலத்தில் வேறிடத்திலும் இருந்தது: இத்தாலியில் கி.மு. 7ஆம் நூற்றாண்டு எட்ரூஸ்கர்கள் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான பொன் துகள்களை, பொடி வைத்த சுவடே தெரியாமல் பதித்தார்கள். பின்னால் அந்த வித்தை அங்கே மறைந்துபோனது. 19ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியின் காஸ்டெல்லானி குடும்பம் அதை மீட்க வெகுவாக முயன்றும் அந்த நுணுக்கத்தை எட்டவில்லை. 1930களில் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் ஒரு வழி கண்டார்: செம்பு உப்பைப் பசையோடு குழைத்து ஒட்ட வேண்டும். சூட்டில் பசை கரியாகி, கரி ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, மிஞ்சும் செம்பு தொடும் புள்ளியில் மட்டும் பொன்னோடு கலக்கிறது. அந்தக் கலவை சீக்கிரம் உருகுவதால் ஒட்டு விழுகிறது. வெள்ளிக்கும் இது பொருந்தும். வெள்ளியும் செம்பும் தக்க அளவில் சேர்ந்தால் 780 டிகிரியிலேயே உருகிவிடும்.

ஊதி முடித்த நகை கரிபிடித்துக் கறுத்திருக்கும். நீர்த்த அமிலத்திலோ படிகார நீரிலோ போட்டால் செம்பின் கறை கரைந்து, சுண்ணாம்பு வெண்மையில் வெளிவரும். எடுக்கும்போது இரும்பு இடுக்கியை உள்ளே விடக்கூடாது. கரைசலில் கரைந்திருக்கும் செம்பு நகைமேல் இளஞ்சிவப்பாகப் படிந்துவிடும். பிறகு கந்தகக் கரைசலில் முக்கி வேண்டுமென்றே கறுப்பாக்கி, மேட்டை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். பள்ளத்தில் தங்கிய கறுப்பில்தான் உருண்டைகள் எடுப்பாகத் தெரிகின்றன. தேய்க்கப் பித்தளைக் கம்பித் தூரிகையும், லெராக் என்ற காயின் நுரையும். அது நம் பூந்திக்கொட்டையின் நெருங்கிய உறவு.

நூறு உருண்டை பதித்தாலும் அவற்றின் எடை அரை கிராமைத்தான் தாண்டும். வெள்ளி விலையில் அதற்கு மதிப்பு மிகச் சொற்பம். நேரம் போவதோ பெரும்பாலும் அதில்தான். எடை போட்டு, கூலி ஏன் இவ்வளவு என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. சேலத்துக் கொலுசு வாங்கும்போதும் கேட்கிறோம். ஒரு பூவுக்கு உருண்டை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியை அதே தொனியில் கேட்க வாய் வராது என்று நம்புகிறேன்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்: ஊதும் வேலையை யார் செய்வார்கள்? நேரம் மிச்சமாகட்டும் என்றோ நகை உருகிவிடக்கூடாது என்றோ அதை ஆசிரியரே செய்து, அரம் தேய்ப்பதை மட்டும் நம்மிடம் விடும் இடங்கள் உண்டு. அங்கே நல்ல மோதிரம் கிடைக்கும்; கற்க வேண்டியது கிடைக்காது.

வகுப்பு முடிந்த கையோடு பலர் இரவோடு இரவாகக் கிழக்கு ஜாவாவின் இஜென் எரிமலைக்குக் கிளம்புகிறார்கள். அங்கே கந்தக ஆவி சூழ்ந்திருக்கும். வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாகும், மோதிரம் கறுத்துப்போகும். காற்றுப் புகாத பையில் போட்டு விடுதியிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. ரப்பரிலும் கந்தகம் உண்டு, ரப்பர் பட்டை போட்டுக் கட்டிவைக்க வேண்டாம். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் கறுப்பை உடனே போக்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஜாவான் வைத்த நகையில் பள்ளத்தில் விட்டுவைத்த கறுப்பும் சேர்ந்தே போய்விடும். பூந்திக்கொட்டைத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும்.