படிவம் 4 உயிரியல்: 15 பாடங்களை ஓராண்டில் எப்படிப் பங்கிடலாம்?



ஆண்டுத் தொடக்கத்தில் நாம் எல்லோரும் செய்யும் முதல் வேலை ஆண்டுப் பாடத்திட்டம், அதாவது ஆர்.பி.டி. தயாரிப்பது. பல பள்ளிகளில் இது போன ஆண்டு கோப்பைத் திறந்து, தேதிகளை மட்டும் மாற்றிச் சேமிப்பதோடு முடிந்துவிடுகிறது. அண்மைய ஆண்டுகளில் பள்ளி நாட்காட்டி இடம் மாறிக்கொண்டே வந்து, 2026-இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியிருக்கிறது. எப்படியும் தேதிகளைப் புதிதாகப் போட வேண்டும். அதோடு சேர்த்து, எந்தப் பாடத்திற்கு எத்தனை வாரம் என்பதையும் புதிதாக யோசித்தால் என்ன?

இந்தக் கட்டுரை படிவம் 4 உயிரியலுக்கானது. இடைநிலைப்பள்ளியில் உயிரியல் போதிக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் போதிப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சமமாகப் பிரிப்பதில் என்ன சிக்கல்?

டி.எஸ்.கே.பி.-யின்படி உயிரியலுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 96 மணி நேரம். வாரம் 3 மணி என்றால் 32 வாரம். பாடங்கள் 15. சமமாக வகுத்தால் ஒரு பாடத்திற்கு 6 மணிக்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய இரண்டு வாரம். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் 15 பாடங்களும் ஒரே எடை இல்லை. சில பாடங்கள் தனியாக நிற்பவை. சில பாடங்கள் மற்றவற்றைத் தாங்குபவை.

தாங்கும் பாடங்கள் என்று நான் கருதுவது இரண்டு. ஒன்று, 3-ஆம் பாடமான பிளாஸ்மா சவ்வின் ஊடே பொருள்கள் நகர்தல். மற்றொன்று, 5-ஆம் பாடமான வளர்சிதை மாற்றமும் நொதிகளும். பின்னால் வரும் பாடங்களைப் பாருங்கள். நுரையீரலின் காற்றறைகளில் ஆக்ஸிஜன் இரத்தத்திற்குப் போவது பரவல். சிறுகுடலின் குடலுறிஞ்சிகளில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதற்குச் செயல்மிகு கடத்தல் தேவை. சிறுநீரகத்தில் நீர் மீண்டும் இரத்தத்திற்குத் திரும்புவது சவ்வூடு பரவல். செரிமானம் முழுக்க நொதிகளின் வேலை. உயிரணுச் சுவாசமும் நொதிகள் இல்லாமல் நடக்காது.

ஆக, 3-ஆம் பாடம் புரிந்த மாணவனுக்கு 8, 9, 10, 13 ஆகிய நான்கு பாடங்களில் பாதி ஏற்கெனவே தெரிந்த கதை. அது புரியாத மாணவனுக்கு நான்கும் நான்கு தனித்தனி மனப்பாடம். "டீச்சர், இவ்வளவு பெயரையும் எப்படி ஞாபகம் வெச்சுக்கிறது?" என்று அவன் கேட்பது அதனால்தான். 3-ஆம் பாடத்தில் நாம் மிச்சப்படுத்தும் ஒரு வாரத்தைப் பின்னால் நான்கு இடத்தில் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

ஒரு மாதிரிப் பங்கீடு

இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் பாடக்குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

வாரம் 1: உயிரியல் அறிமுகமும் ஆய்வுக்கூட விதிமுறைகளும்
வாரம் 2–3: உயிரணுவும் அதன் ஒழுங்கமைப்பும்
வாரம் 4–7: சவ்வின் ஊடே பொருள்கள் நகர்தல்
வாரம் 8: காலி வாரம்
வாரம் 9–10: உயிரணுவின் வேதியியல் கூறுகள்
வாரம் 11–13: வளர்சிதை மாற்றமும் நொதிகளும்
வாரம் 14–15: உயிரணுப் பிரிவு
வாரம் 16–17: உயிரணுச் சுவாசம்
வாரம் 18: காலி வாரம்
வாரம் 19: சுவாச மண்டலம்
வாரம் 20–21: உணவூட்டமும் செரிமானமும்
வாரம் 22–23: உடலில் பொருள்கள் கடத்தப்படுதல்
வாரம் 24: நோய் எதிர்ப்பாற்றல்
வாரம் 25–26: ஒருங்கிணைப்பும் துலங்கலும்
வாரம் 27–28: உடல் சமநிலையும் சிறுநீர் மண்டலமும்
வாரம் 29: உடலைத் தாங்குதலும் அசைவும்
வாரம் 30–31: இனப்பெருக்கமும் வளர்ச்சியும்
வாரம் 32: காலி வாரம்

"முதல் ஏழு பாடத்துக்கே 18 வாரமா? மீதி எட்டுப் பாடத்தை 14 வாரத்தில் எப்படி முடிப்பது?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பதில் இதுதான்: பின்பாதிப் பாடங்களில் நேரத்தைத் தின்பது புதிய செய்தி அன்று, பழையதை மறுபடி விளக்குவது. சிறுநீரக நுண்குழலுக்கு வந்த பிறகு, சவ்வூடு பரவல் என்றால் என்ன என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தால் இரண்டு வாரம் போதாது. தொடங்க வேண்டாம் என்றால் இரண்டு வாரம் தாராளம்.

6-ஆம் பாடத்தையும் அவசரப்படுத்தாதீர்கள். மைட்டோசிஸும் மியோசிஸும் குழம்பினால், ஆண்டு இறுதியில் இனப்பெருக்கப் பாடம் தடுமாறும். படிவம் 5-இல் மரபுவழியும் மாறுபாடும் வரும்போது இன்னும் தடுமாறும்.

காலி வாரம் எதற்கு? விளையாட்டுப் போட்டி, பள்ளித் தேர்வு, வெள்ளம், புகைமூட்டம், ஆசிரியர் பயிற்சி என்று நம் நாட்டுப் பள்ளி ஆண்டில் பாட வேளைகள் போய்க்கொண்டே இருக்கும். மூன்று காலி வாரங்களையும் ஆண்டு இறுதியில் சேர்த்து வைக்காமல் இடையிடையே வைத்தால், ஒரு பாடத்தின் தாமதம் அடுத்ததைத் தள்ளிவிடாது. தாமதமே இல்லாவிட்டால் அந்த வாரத்தை மீள்பார்வைக்கோ ஆய்வுக்கூட வேலைக்கோ பயன்படுத்தலாம்.

அந்த நான்கு வாரத்தில் என்ன செய்வது?

நான்கு வாரத்தையும் பேசியே ஓட்டினால் பயனில்லை. 2021 முதல் எஸ்.பி.எம். உயிரியல் தாள் 3 எழுத்துத் தேர்வாக இல்லாமல் ஆய்வுக்கூடச் செய்முறைத் தேர்வாக மாறிவிட்டது. மாணவர் கையால் செய்து பழகியிருக்க வேண்டும். மூன்று வேலைகள் போதும்.

முதலாவது, அகார் அகார் கட்டிகள். 1 செ.மீ., 2 செ.மீ., 3 செ.மீ. பக்க அளவில் மூன்று கனசதுரங்களை வெட்டி, உணவு வண்ணம் கலந்த நீரில் சில மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு நடுவில் அறுத்துக் காட்டுங்கள். வண்ணம் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே ஆழம்தான் போயிருக்கும். ஆனால் சிறியதில் பெரும்பகுதி நிறம் மாறியிருக்கும், பெரியதில் உள்பக்கம் வெள்ளையாகவே இருக்கும். இப்போது கணக்குப் போடச் சொல்லுங்கள். மேற்பரப்புக்கும் கனஅளவுக்கும் உள்ள விகிதம் முதலாவதில் 6:1, இரண்டாவதில் 3:1, மூன்றாவதில் 2:1. உயிரணு ஏன் சிறியதாக இருக்கிறது, பெரிய உயிரினத்திற்கு ஏன் நுரையீரலும் இரத்த ஓட்டமும் தேவைப்படுகின்றன என்பதற்கெல்லாம் இந்த மூன்று எண்ணே அடிப்படை.

இரண்டாவது, உருளைக்கிழங்குத் துண்டுகள். வெவ்வேறு செறிவுள்ள சுக்ரோஸ் கரைசல்களில் போட்டு, முன்னும் பின்னும் எடை பார்த்து, எடை மாற்றத்தை வரைபடமாக்குவது. கோடு எங்கே சுழியத்தை வெட்டுகிறதோ அதுதான் உயிரணுச் சாற்றுக்குச் சமமான செறிவு. மாறிகளைக் கட்டுப்படுத்துவது, அட்டவணை போடுவது, வரைபடம் வரைவது மூன்றும் இதில் வந்துவிடும்.

மூன்றாவது, நுண்ணோக்கியில் உயிரணு சுருங்குவதைப் பார்ப்பது. ரியோ செடியின் இலை அடிப்புறத் தோலோ சிவப்பு வெங்காயத் தோலோ போதும். ரியோ செடியை ஆண்டுத் தொடக்கத்திலேயே இரண்டு தொட்டியில் நட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் தேடி அலைய வேண்டாம். அதேபோல் மைட்டோசிஸ் பார்க்க வெங்காய வேர் வேண்டுமானால், சில நாட்களுக்கு முன்பே வெங்காயத்தை நீர்மேல் வைத்து வேர்விடச் செய்ய வேண்டும். இதயத்தை அறுத்துக் காட்டுவதாக இருந்தால் ஆட்டு இதயத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பல சமய மாணவர்கள் இருக்கும் வகுப்பில் அதுவே எல்லோருக்கும் பொருந்தும். இவற்றையெல்லாம் ஆர்.பி.டி.-யிலேயே ஒரு தனி வரிசையில் எழுதி, ஆய்வுக்கூட உதவியாளரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டால் பாதி தலைவலி தீரும்.

மொழி என்னும் இன்னொரு சவ்வு

நம் மாணவர்களுக்கென்று தனியாக ஒரு சிரமம் உண்டு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வருபவர்களில் பலர் ஆறாண்டு தமிழில் அறிவியல் படித்தவர்கள். படிவம் 4-இல் உயிரியல் மலாயிலோ இருமொழித் திட்டத்தின் கீழ் ஆங்கிலத்திலோ நடக்கிறது. முதல் இரண்டு மூன்று மாதத்திலேயே "பயோ எனக்கு வராது" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். வராதது உயிரியலா, மொழியா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மருத்துவம், தாதிமை, மருந்தியல், வேளாண்மை போன்ற துறைகளுக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு இந்த முடிவு சின்ன விஷயமில்லை.

இதற்கு ஆர்.பி.டி.-யில் ஒரு சிறு ஏற்பாடு செய்யலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் பத்துச் சொற்கள், மூன்று வரிசை: தமிழ், மலாய், ஆங்கிலம். "சவ்வூடு பரவல்" என்ற சொல்லைப் பாருங்கள். சவ்வின் ஊடே பரவுவது என்று பெயரே பொருளைச் சொல்லிவிடுகிறது. "ஒஸ்மோசிஸ்" என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அப்படி எதுவும் தெரியாது. தமிழில் புரிந்துகொண்ட பிள்ளை, தேர்வு மொழியில் எழுதப் பழகுவது எளிது. புரியாமல் மலாய் வரியை மனப்பாடம் செய்த பிள்ளை, கேள்வி கொஞ்சம் திரும்பினாலும் நின்றுவிடும். ஒன்று மட்டும் கவனம்: பயிற்சியும் விடையும் தேர்வு மொழியில்தான் இருக்க வேண்டும். தமிழ் ஏணி மட்டுமே, மாடி அன்று.

வீட்டுப் பேச்சு வழக்கையும் பயன்படுத்தலாம், திருத்தவும் வேண்டும். பாகற்காயில் உப்புப் போட்டுப் பிசறி வைத்தால் தண்ணீர் விடுகிறது. ஏன் என்று கேட்டால், "உப்பு தண்ணியை இழுக்குது சார்" என்பார்கள். நல்ல தொடக்கம். அதை இப்படிப் படிப்படியாக விரிக்கச் சொல்லுங்கள்: வெளிக் கரைசல் உயிரணுச் சாற்றைவிடச் செறிவு கூடியது, ஆகவே நீர் சவ்வூடு பரவல் வழி வெளியேறுகிறது, நுண்குமிழி சுருங்குகிறது, உயிரணு தளர்கிறது, துண்டு தொய்ந்துபோகிறது. விளக்கக் கேள்விகளில் புள்ளி இந்தப் படிகளுக்குத்தான். அதேபோல் "சூடானா என்ஸைம் செத்துடும்" என்பார்கள். நொதி உயிருள்ள பொருளே இல்லை. அது ஒரு புரதம். அதிக வெப்பத்தில் அதன் வடிவம் குலைகிறது, வினைபடுபொருள் பொருந்தும் இடம் மாறிவிடுகிறது. ஆட்டு இறைச்சி மெத்தென்று வேக பப்பாளிக் காயையோ இலையையோ சேர்க்கும் பழக்கம் நொதிப் பாடத்திற்கு நல்ல நுழைவாயில். வீட்டுத் தயிரும், மலாய் நண்பர் கொண்டுவரும் தாப்பாயும் உயிரணுச் சுவாசத்தில் நொதித்தலுக்கு உதவும்.

ஒரே கேள்வி, மூன்று முறை

வகுப்பறை மதிப்பீட்டுக்கு ஒரு யோசனை. 7-ஆம் வாரம், 21-ஆம் வாரம், 28-ஆம் வாரம் மூன்றிலும் ஒரே கேள்வியைக் கொடுங்கள்: "உடலில் பொருள் பரிமாற்றம் நடக்கும் இடங்கள் ஏன் மெல்லியதாகவும் அதிகப் பரப்போடும் இருக்கின்றன?" பத்து நிமிடம், அரைப் பக்கம் போதும். முதல் முறை அகார் அகார் கட்டியை வைத்து எழுதுவார்கள். இரண்டாம் முறை காற்றறையும் குடலுறிஞ்சியும் சேரும். மூன்றாம் முறை நுண்குழலும் தந்துகியும் சேரும். மூன்று தாளையும் ஒன்றாகத் தைத்து மாணவரிடமே கொடுத்தால், தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அவரே பார்த்துக்கொள்வார். அடைவுநிலை பதிவு செய்ய உங்களுக்கும் கையில் சான்று இருக்கும். 21-ஆம் வாரத் தாளில் முன்னேற்றம் இல்லாத மாணவர்களை அப்போதே அடையாளம் கண்டுகொள்ளலாம். ஆண்டு முடிய இன்னும் 11 வாரம் இருக்கும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு

உயிரணு, நொதி எல்லாம் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை என்று நினைக்க வேண்டாம். "ஏன்?" என்ற கேள்விக்கு "ஏனெனில்", "ஆகவே" என்று இரண்டு மூன்று படியில் பதில் எழுதும் பழக்கத்தை நீங்கள்தான் தொடங்கி வைக்கிறீர்கள். சுவாசம், செரிமானம், ஒளிச்சேர்க்கை போன்ற சொற்களைப் பொருளோடு சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளை பத்தாம் ஆண்டுப் படிப்பில் அதன் மேல்தான் கட்டப்போகிறது.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஆர்.பி.டி.-யைத் திறந்து 3-ஆம் பாடத்திற்கும் 5-ஆம் பாடத்திற்கும் எத்தனை வாரம் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். இரண்டிரண்டு வாரம்தான் என்றால், அடுத்த பாடக்குழுக் கூட்டத்தில் அதைப் பேசுங்கள். உங்கள் பள்ளியில் வேறு பங்கீடு பலன் தந்திருந்தால், நம் சங்கத்தின் வளப்பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும்.