கதவைத் தட்டுங்க... உடைக்காதீங்க!

ஹால் கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபோல்டர் உங்க லேப்டாப்ல பளிச்னு தெரியும். க்ளிக் பண்ணினா மட்டும் 'ஆக்சஸ் டினைட்'! விடிஞ்சா புராஜெக்ட் ரெவ்யூ. ரிப்போர்ட் அதுக்குள்ள. இந்தக் கடுப்புல நம்மாளுங்க பண்ற முதல் காரியம், ஃபயர்வாலை ஆஃப் பண்றது. ரெண்டாவது, 'எவ்ரிஒன் - ஃபுல் கன்ட்ரோல்' கொடுக்கறது. ரெண்டுமே வேண்டாம் பாஸ்!

ஒரு அபார்ட்மென்ட்டுக்குப் போறோம்னு வெச்சுக்கங்க. முதல்ல தெரு கேட், அப்புறம் வாட்ச்மேன், கடைசியா பீரோ. ஃபைல் ஷேரிங்லயும் இதே மூணுதான். எது பூட்டியிருக்குன்னு ஸ்கிரீன்ல வர்ற மெசேஜே காட்டிக் கொடுத்துடும்.

கேட்!

'நெட்வொர்க் பாத் நாட் ஃபவுண்ட்'னு வந்தா, இன்னும் தெருவுலயே நிக்கறீங்கன்னு அர்த்தம். ரெண்டு மெஷினும் ஒரே வைஃபையிலதான் இருக்கான்னு பாருங்க. ரவுட்டர்ல 'கெஸ்ட்' வைஃபைன்னு தனியா இருந்தா, அதுல சேர்ந்த மெஷினால பெரும்பாலும் மத்ததை எட்ட முடியாது. அடுத்து, ஃபைல் இருக்கற கம்ப்யூட்டர்ல நெட்வொர்க் 'பப்ளிக்'னு இருந்தா, ஏதோ ரயில்வே ஸ்டேஷன்ல இருக்கோம்னு நினைச்சு விண்டோஸ் ஒளிஞ்சுக்கும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை 'பிரைவேட்' ஆக்கி, 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்'கை ஆன் பண்ணுங்க. அப்பவும் திறக்கலையா? ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு, அந்தக் கம்ப்யூட்டரோட ஐ.பி. நம்பரை அடிங்க. நம்பருக்குத் திறந்து பேருக்குத் திறக்கலைன்னா, பேரைத் தேடறதுலதான் கோளாறு.

வாட்ச்மேன்!

யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்டா சந்தோஷப்படுங்க... கேட்டைத் தாண்டியாச்சு! ஆனா கேட்கறது உங்க லேப்டாப் பாஸ்வேர்ட் இல்ல, ஃபைல் இருக்கற கம்ப்யூட்டரோடது. தினமும் அடிக்கற 'பின்' நம்பர் இங்கே செல்லாது. அது அந்த ஒரு மெஷினை நேர்ல திறக்க மட்டும்தான். அப்பாவோட அக்கவுன்ட்டுக்கு பாஸ்வேர்டே கிடையாதா? அப்படிப்பட்ட அக்கவுன்ட்டை நெட்வொர்க் வழியா விண்டோஸ் உள்ளே விடாது. ஷேரிங்குக்குன்னு பாஸ்வேர்டோட தனி அக்கவுன்ட் ஒண்ணு உருவாக்குங்க.

ரவுட்டர்ல செருகின ஹார்ட் டிஸ்க் நேத்துவரைக்கும் திறந்து, இன்னிக்கு முரண்டு பிடிக்குதா? 2024-ல் வந்த விண்டோஸ் 11 '24எச்2' அப்டேட்டுக்கு அப்புறம், ப்ரோ எடிஷன் பாஸ்வேர்ட் கேட்காத 'கெஸ்ட்' இணைப்பை ஏத்துக்காது. ரவுட்டர் செட்டிங்ஸ்ல அந்த டிஸ்க்குக்கு யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்துப் பாருங்க.

பீரோ!

பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் 'பெர்மிஷன் இல்லை'ன்னா பீரோவுக்கு ரெண்டு பூட்டு. ஃபோல்டர் மேல ரைட் க்ளிக், பிராப்பர்ட்டீஸ். 'ஷேரிங்' டேப்ல ஒரு அனுமதி, 'செக்யூரிட்டி' டேப்ல இன்னொண்ணு. ரெண்டுல எது கறாரோ, அதுதான் ஜெயிக்கும். அதனால, ரெண்டுலயும் அந்த ஒரு அக்கவுன்ட்டை மட்டும் சேருங்க. பார்த்தா போதும்னா 'ரீட்', எழுதணும்னாதான் 'சேஞ்ச்'.

எதுக்கு இவ்ளோ கெடுபிடி?

2017 மே மாசம் உலகத்தையே உலுக்கின 'வான்னாக்ரை' வைரஸ், விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கோட பழைய எஸ்.எம்.பி.1 முறையில இருந்த ஓட்டை வழியாத்தான் மெஷினுக்கு மெஷின் தாவுச்சு. ஃபைல்களைப் பூட்டிட்டு பணம் கேட்டுச்சு. பிரிட்டன் அரசு மருத்துவமனைகள்ல ஆபரேஷன்களே தள்ளிப்போச்சு. இத்தனைக்கும், அந்த ஓட்டையை அடைக்கற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே கொடுத்திருந்தது! இன்னிக்கும் ஷேரிங் வரலைன்னா, 'எஸ்.எம்.பி.1-ஐ ஆன் பண்ணு மச்சி'ன்னு ஐடியா கொடுக்க ஆள் இருக்கு. காதுல வாங்காதீங்க.

எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்து, பாஸ்வேர்ட் கேட்கறதையும் ஆஃப் பண்ணிட்டா, அதுல உங்க வைஃபைல சேர்ற ஃப்ரெண்டோட லேப்டாப்பும் உண்டு, அதுல வைரஸ் இருந்தா அதுவும் உண்டு. உங்க ரிப்போர்ட்டுக்குப் பக்கத்து ஃபோல்டர்லதான் அக்கா கல்யாண போட்டோவும் இருக்கு. ரிப்போர்ட்டைத் திரும்ப டைப் அடிச்சுக்கலாம். கல்யாணத்தை..?