கார் கண்ணாடியில ஃபிலிம் ஒட்டின பிறகு மங்கலா தெரியுதா? பிரச்சனை எங்கேன்னு 10 நிமிஷத்துல நீங்களே கண்டுபிடிக்கலாம்!

சாயங்காலம் 5 மணி. பூந்தமல்லி தாண்டி பெங்களூரு ஹைவேயில் போய்க்கிட்டு இருக்கீங்க. சூரியன் நேரா முகத்துக்கு எதிர்ல. போன வாரம்தான் நல்ல விலை கொடுத்து முன் கண்ணாடிக்கு செராமிக் ஃபிலிம் ஒட்டியிருக்கீங்க. திடீர்னு கண்ணாடி முழுக்க பால் ஊத்தின மாதிரி ஒரு வெளுப்பு. முன்னாடி போற லாரியோட பிரேக் லைட் கூட சரியா தெரியல. ஒரு பாலத்தோட நிழலுக்குள்ள கார் நுழைஞ்சதும் அந்த வெளுப்பு காணாமப் போகுது. வெயிலுக்கு வந்ததும் திரும்ப வந்துடுது.

கடைக்கு போன் பண்ணா, "புது ஃபிலிம்தானே சார், காய்ஞ்சா சரியாயிடும்" என்பதுதான் வழக்கமான பதில். சில நேரம் அது உண்மை. சில நேரம் எத்தனை மாசம் ஆனாலும் சரியாகாது. இன்னும் சில நேரம் தப்பு ஃபிலிம் மேலேயே கிடையாது. எது எப்போதுன்னு தெரியாமல்தான் பலரும் காசைக் கொடுத்து ஒட்டி, மறுபடியும் காசைக் கொடுத்து உரிக்கிறாங்க.

70% வெளிச்சம் வந்தா போதாதா?

ஃபிலிம் வாங்கும்போது எல்லாரும் கேட்கிற ஒரே எண் வி.எல்.டி. கண்ணாடி வழியா எத்தனை சதவீத வெளிச்சம் உள்ளே வருதுங்கிற அளவு அது. ஆனா உள்ளே வர்ற வெளிச்சம் நேரா வருதா, சிதறி வருதாங்கிறதை அந்த எண் சொல்லாது.

அதைச் சொல்றது 'ஹேஸ்' என்கிற இன்னொரு எண். கண்ணாடியைத் தாண்டி வர்ற வெளிச்சத்தில், நேர்கோட்டிலிருந்து 2.5 டிகிரிக்கு மேல் விலகிச் சிதறும் பங்கு எவ்வளவோ அதுதான் ஹேஸ் சதவீதம். இது கூடினால் கண்ணாடி கருப்பாகாது, வெளுத்துப்போகும். நிழலில் ஒண்ணுமே தெரியாது. சூரியனோ எதிரே வர்ற வண்டியின் ஹை பீமோ கண்ணாடி மேல் அடிக்கும்போதுதான் வேலையைக் காட்டும். சரியா பார்த்தே ஆகணும்ங்கிற நேரம் பார்த்து மங்கும், அதுதான் இதுல ஆபத்து. ரோட்டைக் கடக்கிறவர் கருப்புச் சட்டை போட்டிருந்தா அந்த வெளுப்புக்குள்ளேயே மறைஞ்சிடுவார்.

முதல்ல இந்த 3 சோதனையைப் பண்ணுங்க

ஃபிலிமைத் திட்டுறதுக்கு முன்னாடி, வெயில் கண்ணாடி மேல் சாய்வா விழுற நேரத்தில் காரை நிறுத்திட்டு டிரைவர் சீட்டில் உட்காருங்க.

ஒரு கருப்புத் துணியை எடுத்து டேஷ்போர்டு மேல் விரிங்க. மங்கல் பெரும்பாலும் போயிடுச்சா? அப்போ நீங்க பார்த்தது ஹேஸே இல்லை, டேஷ்போர்டோட பிரதிபலிப்பு. பழுப்பு, சாம்பல் மாதிரி வெளிர் நிற டேஷ்போர்டு, அதுக்கு மேல பளபளன்னு பாலிஷ், பத்தாததுக்கு டோல் ரசீது, சாமி படம்... எல்லாமே கண்ணாடியில் பிரதிபலிக்கும். பாலிஷ் போடுறதை நிறுத்திட்டு ஒரு கருப்பு மேட் போட்டாலே போதும்.

அடுத்து, உள்பக்கம் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் ஈரமான மைக்ரோ ஃபைபர் துணியால துடைச்சு, காய்ஞ்ச துணியால ஒற்றி எடுங்க. அந்தக் கட்டம் மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சா, காரணம் அழுக்கு. வெயில்ல நிக்கிற காருக்குள்ள டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூடாகி, அதிலிருந்து வர்ற ஆவி கண்ணாடியில் எண்ணெய்ப் படலமா படியும். புது கார்ல இது ரொம்ப அதிகம். "புது கார் வாசனை"ன்னு ரசிக்கிறோமே, அதில் ஒரு பங்கு இதுதான்.

மூணாவது, வெளிப்பக்கம் ஒரு மக் தண்ணி ஊத்துங்க. நனைஞ்சிருக்கும்போது மங்கல் குறைஞ்சு, காய்ஞ்சதும் திரும்ப வந்தா, பிரச்சனை கண்ணாடியோட வெளிப்பரப்பில் இருக்கு. வைப்பர் போட்ட கோடு, ஹைவேயில் லாரி டயர் தெறிச்ச பொடிக்கல் விட்ட குழி, இல்லைன்னா உப்புக் கறை. தண்ணி அந்தப் பள்ளங்களைத் தற்காலிகமா நிரப்புறதால வெளிச்சம் சிதறுறது குறையுது, அவ்வளவுதான். போர் தண்ணியில கார் கழுவி அப்படியே வெயில்ல காயவிடுற வீடுகள்ல இந்த உப்புக் கறை ரொம்ப சகஜம். கறைன்னா கண்ணாடிக்கான பாலிஷ் போட்டு எடுத்துடலாம். ஆழமான கோடுன்னா கண்ணாடி மாத்துறதுதான் வழி. இதுக்குப் போய் ஃபிலிமை உரிச்சா ஒரு பிரயோஜனமும் இல்லை.

மூணு சோதனையும் பண்ணியும் மங்கல் அப்படியே இருக்கா? இப்போ ஃபிலிம் மேல சந்தேகப்படலாம்.

எத்தனை நாள் காத்திருக்கலாம்?

ஃபிலிமை சோப்புத் தண்ணி தெளிச்சு, நகர்த்தி வச்சு, ரப்பர் பட்டையால தண்ணியை வெளியே தள்ளித்தான் ஒட்டுவாங்க. எவ்வளவு தள்ளினாலும் பசைக்கும் கண்ணாடிக்கும் நடுவுல கொஞ்சம் ஈரம் தங்கும். அது ஆவியா வெளியேறும்வரை லேசான மூட்டமும் குட்டிக் குட்டி நீர்க் குமிழும் தெரியும். நம்ம ஊர் வெயிலுக்கு ஓரிரு வாரத்தில் போயிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில ஒட்டியிருந்தா ஒரு மாசம் வரைக்கும் கூட ஆகலாம். அதுவரை கையால அழுத்தவோ, உள்பக்கம் துடைக்கவோ வேண்டாம். பக்கக் கண்ணாடியிலும் ஒட்டியிருந்தா முதல் நாலஞ்சு நாள் இறக்காதீங்க.

காய்ஞ்சாலும் போகாத விஷயங்களும் இருக்கு. குமிழுக்கு நடுவுல ஒரு புள்ளி தெரிஞ்சா அது தூசி. ரோட்டோரக் கடையில, காத்தடிக்கிற இடத்துல வச்சு ஒட்டினா இது தவிர்க்க முடியாதது. நகம் மாதிரி வளைஞ்ச கோடு இருந்தா, ஒட்டும்போது ஃபிலிம் மடங்கியிருக்கு. எதிரே உள்ள கரண்ட் கம்பம் தலையை அசைக்கும்போது நெளிஞ்சு தெரிஞ்சா, பசை சீரா இல்லை. இவை எல்லாத்துக்கும் ஒரே தீர்வு, உரிச்சுட்டு வேற ஃபிலிம் ஒட்டுறது. ரசீது இருந்தா கடைக்காரர் செலவில்.

இதுல பலரும் ஏமாறுகிற இடம் செராமிக் ஃபிலிம். வெப்பத்தைத் தடுக்க அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களைச் சேர்த்திருப்பாங்க. துகள் பெருசாவோ, சீரா பரவாமலோ இருந்தா, சாய்வா விழுற வெயிலை அது சிதறடிக்கும். லேசா நீலம் கலந்த வெளுப்பா தெரிஞ்சா இதுவாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். இது ஃபிலிமோட பிறவிக் குணம். ஒட்டினவர் தப்பு இல்லை, காத்திருந்தாலும் போகாது. ஒட்டி ஒரு மாசம் ஆகியும் நிழல்ல பளிச்சுன்னும் வெயில்ல வெளுத்தும் தெரிஞ்சா, "காய்ஞ்சா சரியாயிடும்"ங்கிற பதிலை இனிமே ஏத்துக்க வேண்டாம்.

கடையில சூடு விளக்கைப் போட்டு, "கையை வச்சுப் பாருங்க சார், சூடே தெரியாது"ன்னு காட்டுவாங்க. அந்த அறைக்குள்ள ஹேஸ் தெரியவே தெரியாது. சாம்பிள் துண்டை வெளியே எடுத்துட்டு வந்து, வெயில் அதன்மேல் படுற மாதிரி பிடிச்சு, கருப்பா இருக்கிற ஒரு பொருளை அதன் வழியா பாருங்க. கருப்பு கருப்பாவே தெரியணும். சாம்பலா தெரிஞ்சா வேற ஃபிலிம் கேளுங்க. அட்டவணையில் ஹேஸ் அளவு போட்டிருந்தா 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறது நல்லது.

சரி, முன் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டவே அனுமதி இருக்கா?

இங்கேதான் குழப்பம். எந்த அளவு வெளிச்சத்தை விடும் ஃபிலிமா இருந்தாலும் ஒட்டக் கூடாதுன்னு 2012 ஏப்ரலில் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. பிறகு மத்திய மோட்டார் வாகன விதி 100 திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் பிளாஸ்டிக் படலம் கொண்ட பாதுகாப்புக் கண்ணாடிக்கும் இடம் கிடைச்சது. இதை வச்சு, வெளிச்ச அளவு விதிக்குள் இருந்தா ஃபிலிம் ஒட்டலாம்னு 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் போலீஸ் நிறுத்தினால் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம். ஆனா அது இங்கே தானாகக் கட்டுப்படுத்தாது. அபராதம் போட வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே முடிவெடுங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு. விதிப்படி முன், பின் கண்ணாடியில் 70%, பக்கக் கண்ணாடியில் 50% வெளிச்சம் உள்ளே வரணும். இது ஃபிலிமுக்கு மட்டுமான அளவு இல்லை, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து. உங்க கண்ணாடி ஏற்கெனவே 80% மட்டுமே விடுதுன்னா, அதுமேல "70 ஃபிலிம்" ஒட்டினா மிச்சம் 56% தான். "70ன்னா சட்டப்படி ஓகே சார்"னு சொல்ற கடைக்காரர் இந்தப் பெருக்கலைப் போடுறதில்லை. 80% கண்ணாடிக்கு 90% ஃபிலிம் போட்டா 72% வரும். 75% கண்ணாடிக்கு அதுவும் தாண்டாது. ஒட்டின பிறகு மீட்டர் வச்சு அளந்து காட்டச் சொல்லுங்க.

ஒட்டும்போது ஃபாஸ்டேக் இருக்கிற இடத்தையும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கேமரா பகுதியையும் விட்டு வெட்டச் சொல்லணும். ஃபாஸ்டேக்கை உரிச்சு மறுபடி ஒட்டினா வேலை செய்யாது. உலோகப் பூச்சு ஃபிலிம் அதன் சிக்னலையே தடுக்கலாம்.

உரிக்கிறப்போ கவனம்

சோதனையில் மாட்டி, ரோட்டோரத்திலேயே அவசரமா உரிச்ச கார்கள்ல இன்னொரு சிக்கல் வரும். ஃபிலிம் வந்துடும், பசை கண்ணாடியிலேயே தங்கிடும். அன்னைக்கு ராத்திரி எதிர் வண்டி வெளிச்சம் பட்டதும் ஃபிலிம் இருந்தப்போ தெரிஞ்சதை விட மோசமா தெரியும்.

வாய்ப்பிருந்தா காரை ஒரு மணி நேரம் வெயில்ல நிறுத்தி, கண்ணாடி சூடானதும் மூலையிலிருந்து மெதுவா உரிங்க. மிச்சப் பசையை சோப்புத் தண்ணியில ஊற வச்சு பிளாஸ்டிக் பட்டையால வழிச்சு, கடைசியா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சா போயிடும். பின் கண்ணாடியில் சூடேத்துற மெல்லிய கம்பிக் கோடுகள் இருக்கும். அங்கே மட்டும் பிளேடு வேண்டவே வேண்டாம், ஒரு கோடு அறுந்தாலும் அந்த வரிசை வேலை செய்யாது.

ஃபிலிமை வச்சுக்கிறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா, அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரை உள்பக்கம் அடிக்காதீங்க. அது ஃபிலிமை நாளடைவில் கெடுத்துடும். தண்ணியில் நனைச்ச மைக்ரோ ஃபைபர் துணியே போதும்.