ஜேசிபி வருமுன் ஒரு குழி

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தைக் கடக்கும்போது கார் கம்பெனிகளின் மதில்கள்தான் கண்ணில் படும். அந்த ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர் வடக்குப்பட்டு. 2022-இல் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் அங்கே அகழாய்வு செய்தது. மேலடுக்குகளில் வரலாற்றுக் காலப் பொருள்கள் கிடைத்தன. சுமார் 75 சென்டிமீட்டர் ஆழத்தில் கற்கருவிகள் வந்தன. ஆதிமனிதர்கள் உட்கார்ந்து கருவி செய்த பட்டறையாக அது இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

கற்காலப் பட்டறையை எப்படி அடையாளம் காண்பது? ஒரு கூழாங்கல்லின் விளிம்பில் இன்னொரு கல்லால் ஓங்கி அடித்தால் செதில் தெறிக்கும். அதன் உட்புறத்தில், அடி விழுந்த இடத்தை ஒட்டி, விரலால் தடவினால் தெரிகிற ஒரு புடைப்பு இருக்கும். குளத்தில் கல் விழுந்தாற்போல மெல்லிய வளையங்கள் அதிலிருந்து விரியும். தாய்க்கல்லில் அதற்கு ஈடான பள்ளம் விழும். இப்படிப் பள்ளங்கள் வரிசையாக விழுந்து ஒரு கூர்விளிம்பு உருவாகியிருந்தால் அது மனிதக் கை வேலை.

செய்த கருவியை எடுத்துப் போய்விடுவார்கள். பட்டறையில் மிஞ்சுவது செதில்களும், பாதியில் உடைந்த கருவிகளும், சுத்தியலாகப் பயன்பட்ட கற்களும்தான். கர்நாடகத்தின் இசாம்பூரில் தொல்லியலாளர் கே. பத்தையா குழுவினர் அகழ்ந்த சுண்ணாம்புக்கல் பட்டறை இப்படிப்பட்டதே. அதன் வயது சுமார் 12 லட்சம் ஆண்டு எனக் கணித்திருக்கிறார்கள். செதில்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தால் அவற்றைத் தாய்க்கல்லோடு மறுபடி பொருத்தி, எந்த அடி முதலில் விழுந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். ஜேசிபி ஒருமுறை அள்ளிப் போட்டால் அதே செதில்கள் வெறும் ஜல்லி.

அதனால்தான் கட்டுமானத்துக்கு முன்பே தொல்லியல் மதிப்பீடு வேண்டும். முதலில் நிலத்தில் வரிசை வரிசையாக நடந்து, கற்கள் கிடக்கும் இடங்களை வரைபடத்தில் குறிப்பார்கள். பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் சோதனைக் குழிகள். மண்ணைச் சில சென்டிமீட்டராகச் சுரண்டி எடுத்துச் சலிப்பார்கள். குழியின் பக்கச்சுவரில் மண்ணடுக்குகளைப் பார்த்து, கற்கள் அங்கேயே கிடந்தவையா, வெள்ளம் உருட்டி வந்தவையா என்று முடிவு செய்வார்கள். பட்டறை என்று உறுதியானால் முழுமையாக அகழலாம். அல்லது கட்டடத்தைத் தள்ளிவைத்து அந்த இடத்தைத் திறந்தவெளியாக விட்டுவிடலாம்.

இங்கிலாந்தில் 1990 முதல் கட்டட அனுமதியோடு இந்த மதிப்பீடு பிணைக்கப்பட்டிருக்கிறது. செலவு பெரும்பாலும் கட்டுபவருடையது. நம் நாட்டில் பழஞ்சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பின், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்தைத் தடுக்கிறது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி கேட்கிறது. இன்னும் யார் கண்ணிலும் படாத பட்டறைக்கு இந்த வேலி கிடையாது.

1863-இல் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவிதான் இந்தியக் கற்கால ஆய்வுக்குத் தொடக்கம். சரளை தோண்டிய குழியில்தான் அது கிடைத்தது, உற்றுப் பார்க்க ஒருவர் இருந்ததால். உங்கள் ஊரில் கடைக்கால் தோண்டும்போது செதுக்கிய கல் தென்பட்டால் எடுத்துப் போகாதீர்கள். கிடந்தபடியே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.