திரும்பி வராத சக்தி

வாவிக்கரைச் சக்கரங்கள் – 9

மாரி மழை இறங்கி வட்டைகளெங்கும் நீர் பரவிவிட்டால், மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரைப் பாதைகளிற் பல, எந்த இடத்தில் பாதையாக இருக்கின்றன, எந்த இடத்தில் வாய்க்காலாக மாறிவிட்டன என்பதை, ஓரத்தில் நிற்கும் மின்கம்பங்களை அடையாளமாக வைத்துத்தான் வண்டியோட்டிகள் நிதானிக்க வேண்டியிருக்கும். மட்டக்களப்பில் ஓராண்டில் பெய்யும் மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையுள்ள காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குச் செல்லும் வீதி வெள்ளத்தில் மூழ்குவதும், அப்பாலுள்ள கிராமத்தவர்கள் உழவு இயந்திரத்தையும் படகையும் நம்பிப் பிரயாணம் செய்வதும் எங்களுக்குப் புதிய சங்கதிகள் அல்ல. ஆகையால், இந்தப் பகுதியில் ஒருவர் தமது வண்டியை உயரத் தூக்கிப் பெரிய டயர் பூட்ட விரும்புகிறார் என்று கேள்விப்பட்டால், அதை வெறும் படாடோபம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

சென்ற வாரம் மாட்டுக் கரத்தையின் சக்கரத்தைப் பற்றி எழுதியபோது, ஆளின் நெஞ்சளவு உயரமும் நான்கு விரலகலமும் கொண்ட அந்த மரச் சக்கரம், சேற்றிலும் மணலிலும் இரண்டு மாடுகளின் பலத்தைக் கொண்டே நெல் மூட்டைகளைக் கரை சேர்த்த விதத்தைச் சொல்லியிருந்தேன். அந்தக் கரத்தையின் ஸ்தானத்தை இன்று பெருமளவுக்கு உழவு இயந்திரமும், வசதியுள்ள போடிமார் வீடுகளில் டபுள் கேப் பிக்கப் வண்டியும் பிடித்துக்கொண்டுவிட்டன. அவற்றுள் டபுள் கேப்பைப் பற்றி, அதிலும் விசேஷமாக, எண்ணெயும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் டபுள் கேப்பைப் பற்றி இவ்வாரம் எழுதத் தூண்டியது, களுவாஞ்சிகுடிப் பக்கத்து டயர்க் கடையொன்றில் நடந்த ஒரு சம்பாஷணை.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்யும் இளைஞர் ஒருவர், தமது பழைய டீசல் டபுள் கேப்பின் டயருக்கு ஒட்டுப் போடக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்:

“அடுத்த வருசம் ஹைபிரிட் ஒண்டு எடுக்கப் போறன் ஐயா. எடுத்த கையோட ரெண்டு இஞ்சி தூக்கி, பெரிய டயரும் போட்டுத்தான் வயலுக்கு இறக்குவன். ஹைபிரிட்தானே, எண்ணெய் கூடக் குடியாது.”

“தம்பி, அந்தக் கடைசி வசனத்தைத்தான் நாங்க கொஞ்சம் அளந்து பார்க்க வேணும்” என்றேன். அளக்கவும் செய்தோம்.

கடைக்காரர் இரண்டு டயர்களை முற்றத்திற்கு உருட்டி வந்தார். ஒன்று, டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகள் பலவற்றில் தொழிற்சாலையிலிருந்தே பூட்டி வருகிற 265/65 ஆர் 17 என்ற அளவு; மற்றது, உயரம் விரும்புவோர் தேடி வாங்குகிற 285/70 ஆர் 17 என்ற அளவு. டயரின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கீறி, அந்தக் கோடு சீமெந்துத் தரையைத் தொடும் இடத்திலும் ஓர் அடையாளம் இட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் மற்றோர் அடையாளம் இட்டோம். சிறிய டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2 மீற்றர் 44 சென்ரிமீற்றர் தூரம் போயிற்று. பெரியது 2 மீற்றர் 61 சென்ரிமீற்றர் போயிற்று. வித்தியாசம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. அதைப் பார்த்த இளைஞரின் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சாண் லாபம் என்றால் எண்ணெய் மிச்சம் அல்லவா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வியே.

அந்தச் சாண் இனாமாகக் கிடைப்பதன்று. சக்கரத்தின் விட்டம் 7 விழுக்காடு கூடியபோது, அச்சு அதே முறுக்குவிசையைக் கொடுத்தாலும் தரையைத் தள்ளும் பலம் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைந்துவிடுகிறது. துலாவின் கைப்பக்கத்தைக் குறுக்கிவிட்டு அதே வாளி நீரை இறைக்க முயல்கிறவரின் நிலைமைதான் அது. குறைந்த பலத்தை ஈடுசெய்ய வண்டியோட்டி அக்ஸிலேற்றரை இன்னும் அழுத்துகிறார். மின்மோட்டார் தனியே இழுக்க வல்ல ஹைபிரிட் வண்டியிலோ, அது தனியே இழுத்துச் சென்றிருக்கக்கூடிய மெதுவான புறப்பாடுகளில், எஞ்சின் முந்திக்கொண்டு விழித்துக்கொள்கிறது.

இங்கே ஹைபிரிட்டின் சூட்சுமத்தை ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் ‘ஹைபிரிட்தானே’ என்ற அந்த ஒரு சொல்லில், அது எல்லா வகைச் செலவையும் குறைத்துவிடும் என்ற பொதுவான மயக்கம் அடங்கியிருக்கிறது. ஓடுகிற வண்டியை பிரேக் பிடித்து நிறுத்தும்போது, அதன் வேகத்திலே குடிகொண்டிருந்த சக்தி சாதாரண வண்டியில் பிரேக்கின் சூடாகப் போய்விடுகிறது. ஹைபிரிட்டில் அதே மோட்டார் அந்த வேளையில் மின்பிறப்பாக்கியாக மாறி, அந்தச் சக்தியில் ஒரு பகுதியை மீட்டு மின்கலத்தில் சேர்த்து, அடுத்த புறப்பாட்டிற்கு வைத்துக்கொள்கிறது. எஞ்சினை நல்ல பதத்தில் ஓடவிடுவது, நிற்கும்போது அணைத்துவிடுவது ஆகிய வேறு உபாயங்களும் அதற்கு உண்டு. எனினும், அது மீட்கக்கூடியது பிரேக்கின் வாயில் விழவிருந்ததை மட்டுமே. காற்றைக் கிழித்துக்கொண்டு போனதிற் செலவானதையும், டயரின் இரப்பர் அமுங்கி மீள்வதிற் செலவானதையும் எந்த மோட்டாராலும் திருப்பித் தர முடியாது. அவை போனவை போனவைதாம். வண்டியை உயர்த்துவதும் டயரைப் பெருப்பிப்பதும் இந்தத் திரும்பி வராத கணக்கிலேயே செலவைக் கூட்டுகின்றன.

டயர் உருளும்போது தரையைத் தொடும் பாகம் அமுங்குகிறது. தொடுகை நீங்கியதும் பழைய வடிவுக்கு மீளுகிறது. அமுங்குவதற்குச் செலவான சக்தி முழுவதும் மீளும்போது கிடைப்பதில்லை. ஒரு பங்கு இரப்பருக்குள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியின் டயரில், இரவு வேளையானாலும், கைவைத்தால் சுடுகிறதே, அந்தச் சூடு நாம் காசு கொடுத்து ஊற்றிய எண்ணெய். பெரிய சக்கரம் பள்ளங்களின்மேல் இலகுவாக ஏறிப் போகும் என்பது மெய். கரத்தை கற்பித்த பாடமும் அதுவே. ஆனால் கரத்தையின் சக்கரம் உயர்ந்து மெலிந்திருந்தது. கடையில் விற்கும் பெரிய டயரோ உயரத்தோடு அகலமும் பாரமும் கொண்டு, சேற்றைப் பிடிப்பதற்கென்று ஆழமான கட்டைப் பற்களையும் தாங்கி நிற்கிறது. ஒவ்வொரு பல்லும் தரையில் பட்டு நெளிந்து மீளும்போது தன் பங்கு எண்ணெயை எடுத்துக்கொள்கிறது. பாரமும் ஓரத்திலே இருப்பதால், டயரிற் கூடிய ஒரு கிலோ, வண்டியைப் புறப்படுத்தும்போது இருக்கையில் வைத்த ஏறத்தாழ இரண்டு கிலோவுக்குச் சமமாக இழுக்கிறது.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையொன்றில், பிரயாண வண்டிகளின் டயர் உருளல் தடை 10 விழுக்காடு குறைந்தால் எரிபொருட் சிக்கனம் 1 முதல் 2 விழுக்காடு வரை விருத்தியாகும் என்று கணித்திருந்தார்கள். அந்தப் பிரமாணத்தைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். பெரிய பற்களுள்ள டயரினால் தடை 30 விழுக்காடு கூடியது என்று வைத்துக்கொண்டால், 3 முதல் 6 விழுக்காடு வரை நஷ்டம். இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னோர் எண் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஐரோப்பியச் சந்தைக்கு வந்த 48 வோல்ற் ஹைலக்ஸ், 2.8 லீற்றர் டீசல் எஞ்சினுக்கு 12 கிலோவாற் மோட்டாரொன்றைத் துணையாகக் கொண்டது. அதனால் கிடைக்கும் எரிபொருட் சேமிப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு என்றே டொயோட்டா நிறுவனம் அங்கே சொன்னது. ஆகவே, மோட்டாரும் மின்கலமும் சேர்ந்து சம்பாதித்துக் கொடுக்கும் அந்த ஐந்தை, நான்கு டயர்களே வாங்கி விழுங்கிவிடக் கூடும். வண்டியை உயர்த்தியதால் கூடும் காற்றின் பங்கை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. 50 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும் தடை, 100 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு மடங்காகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் ஃபோர்ட் எஃப்-150, டொயோட்டா டன்ட்ரா முதலிய பெரிய ஹைபிரிட் வண்டிகளுக்கு, அடிப்புறம் உயர்ந்து காற்றுக்கு வழி திறந்துவிடுவது பெருங்குறையாக இருப்பதன் காரணம் இதுவே. எங்கள் வீதிகளில் வேகம் குறைவு. ஆகவே இங்கே காற்றைவிட இரப்பரே பெரிய கடன்காரன். அதனினும் முக்கியமாக, எங்கள் பகுதி சமதரை. செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறி மீள்கிற ஹைபிரிட் வண்டி, மலையில் ஏறச் செலவிட்டதில் ஒரு பங்கை இறங்கும்போது மீட்டுக்கொள்ளலாம். கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, செட்டிபாளையம், களுதாவளை என்று கடைத்தெருக்களினூடே நின்று நின்று போகிற வண்டியும் பிரேக் பிடிக்குமிடந்தோறும் சிறிது சிறிதாக மீட்டுக்கொள்ளலாம். மண்முனைப் பாலத்தைக் கடந்து வயற்பாதை மணலில் இறங்கிவிட்டாலோ, பிரேக்குக்கே வேலை இல்லை. அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் மணலே வண்டியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. மோட்டார் மீட்பதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை. பெரிய டயரை எந்தப் பாதைக்கென்று வாங்குகிறோமோ, அந்தப் பாதையிலேதான் ஹைபிரிட்டின் உபகாரம் மிகக் குறைவு.

நியாயமாகக் கணக்குப் பார்க்க விரும்புவோர் மற்றொரு பிழையையும் திருத்திக்கொள்ள வேண்டும். வண்டியின் தூரமானி சக்கரத்தின் சுற்றுக்களையே எண்ணுகிறது. டயர் பெருத்த சங்கதி அதற்குத் தெரியாது. 50 லீற்றருக்கு அது 500 கிலோமீற்றர் காட்டினால், வண்டி மெய்யாக ஓடியது 535 கிலோமீற்றர். முன்பு லீற்றருக்கு 11.5 ஓடிய வண்டி இப்போது 10 தான் ஓடுகிறது என்று ஒருவர் மனம் வருந்தினால், அவருடைய மெய்யான கணக்கு 10.7; நஷ்டம் 13 விழுக்காடன்று, 7 விழுக்காடே. நஷ்டத்தைக் கூட்டிச் சொல்வதும் எனக்குச் சம்மதமில்லை. இருக்கிற அளவே போதுமானது. ஆனால் அதே பிழையால் வேகமானி 50 என்று காட்டும்போது வண்டி 53-ஐத் தாண்டி ஓடுகிறது என்பதை, பள்ளிக்கூட வாசல்களைக் கடக்கும்போதாவது நினைவில் வைத்திருத்தல் நன்று.

இவ்வளவு கொடுத்துப் பெறுகிற உயரம் எவ்வளவு? 285/70 டயரால் அச்சு எழும்புவது, விட்டத்தின் வித்தியாசத்தில் பாதி, அதாவது 27 மில்லிமீற்றர். ஒரு பெருவிரலின் அகலத்திற்குச் சற்று அதிகம். இரண்டு அங்குலம் தூக்கும் உபகரணம் உடலை உயர்த்துகிறதேயன்றி, பாதையின் நடுமேட்டில் முதலில் இடிபடும் பின்னச்சின் டிபரன்ஷியலை ஒரு மயிரிழையும் உயர்த்துவதில்லை. அச்சு சக்கரத்தோடு நிற்பது. அத்துடன் முன்சக்கரங்களுக்குப் பலம் கொண்டுபோகும் தண்டுகளின் கோணம் கூடி மூட்டுக்கள் தேய்கின்றன. வீல் அலைன்மன்ற் சரியாகச் செய்யாவிட்டால் டயர் உரசி உரசி எண்ணெயையும் தன்னையும் சேர்த்துத் தின்கிறது.

எண்ணெயைப் பற்றி நான் இத்தனை கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2022 ஜூன் மாத இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கும் டீசல் 460 ரூபாவுக்கும் ஏறியதும், பணம் கையில் இருந்தும் எண்ணெய் இல்லாமல் பெற்றோல் செற்றுகளின் வாசலில் இரவு பகலாக மனிதர்கள் காத்துக்கிடந்ததும், பின்னர் கியூஆர் அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்து வார்த்ததும் அதற்குள் மறந்துபோகிற விஷயங்களா? அந்த நாட்களில் வரிசையில் நின்ற எவரும் ஒரு லீற்றரை அற்பமென்று சொல்லமாட்டார். அவ்வரிசைகளில் அக்குவா, பிரியஸ் ஆகிய ஹைபிரிட் கார்களை வைத்திருந்தவர்கள் மற்றவரைவிட இரண்டு நாள் கூட ஓடினார்கள். அந்த உபகாரத்துக்காக விலை கொடுத்து வாங்கிய யந்திரத்தை, வாங்கிய வாரத்திலேயே அதன் உபகாரம் செல்லாத இடத்துக்குத் தள்ளிவிடுவது என் மனத்துக்கு ஒப்பவில்லை.

ஆயினும் வெள்ளம் வரத்தானே செய்யும் என்று இளைஞர் விடாமல் கேட்டார். அதற்கு அளவுநாடாதான் விடை. தொழிற்சாலையிலிருந்து வருகிறபடியே ஹைலக்ஸ், 48 வோல்ற் ஹைபிரிட் உட்பட, 700 மில்லிமீற்றர் ஆழமான நீரைக் கடக்கத் தக்கது என்று டொயோட்டா சொல்கிறது. அது நிற்கிற நீருக்குச் சொன்ன கணக்கு. பாய்கிற நீரில் அதிற் பாதி ஆழமும் ஆபத்து, அங்கே உயரமான வண்டியும் இழுபட்டுப் போகக் கூடும். மணலுக்கோ, டயரின் காற்றைத் தற்காலிகமாகக் குறைத்து இறங்கி, தார் வீதிக்கு ஏறியதும் மறக்காமல் நிரப்பிக்கொள்ளும் பழக்கம், பெரிய டயர் செய்யும் வேலையில் பெரும்பங்கைச் செலவின்றிச் செய்துவிடும். “உங்கட வயற்பாதையில் போன மாரி வெள்ளம் எவ்வளவு ஏறியது? பம்ப் கொட்டிலின் சுவரில் சேற்றுக் கோடு இருக்கும். அதை அளந்துவிட்டு டயர் வாங்கலாம்” என்று சொல்லி விடைபெற்றேன்.

நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். சுவரின் கோடு தரையிலிருந்து 58 சென்ரிமீற்றர் என்றார். பிறகு, சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “காத்துக் குறைக்கிற கணக்கை ஒருக்காச் சொல்லித் தாங்க ஐயா” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன அந்தக் கணக்கை அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.

(தொடரும்)