தோட்டா எது? ரீமர் எது?

2015-ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக நம் திருவனந்தபுரத்தில் வட்டியூர்க்காவு துப்பாக்கி சுடுதளம் அமைந்தது. அதன் பிறகு நம் குடும்பத்துப் பிள்ளைகளின் பேச்சிலும் ரைபிள், தோட்டா என்ற சொற்கள் அடிபடத் தொடங்கிவிட்டன. விலையுயர்ந்த ரைபிள் எதனால் குறி தப்பாமல் சுடுகிறது என்ற கேள்விக்கு, பட்டறையில் பழகிய ஒரு கருவியைக் கொண்டே விடை சொல்லலாம்.

அந்தக் கருவி ரீமர். டிரில் போட்ட துளை அளவில் சற்றுக் கூடக் குறைய இருக்கும். உட்புறமும் சொரசொரப்பாக இருக்கும். அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து வழவழப்பாக்குவது ரீமரின் வேலை. ரயில்வே பட்டறைகளில் பின், புஷ் பொருத்தும் இடங்களில் இதற்கு ஓயாத வேலை உண்டு.

துப்பாக்கிக் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை வெட்டுவதும் ரீமர்தான். ஆனால் இது நேரான ரீமர் அன்று. தோட்டாவின் உடல், தோள், கழுத்து ஆகிய வடிவங்கள் அனைத்தும் அந்த ஒரே கருவியில் அமைந்திருக்கும். சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து அறைச் சுவரில் ஒட்டி வாயுவை அடைக்கிறது. பிறகு சற்றுச் சுருங்கி வெளியே வருகிறது. அறை மிகவும் தளர்ந்திருந்தால் கூடு நீண்டு கிழியலாம். மிகவும் இறுகியிருந்தால் தோட்டா உள்ளே போகாது, அல்லது சுட்ட கூடு வெளியே வராது.

அப்படியானால் எந்த ரீமரைத் தேர்ந்தெடுப்பது? இறுக்கமான அறையே துல்லியம் தரும் என்று பலரும் எண்ணுவர். அது பாதி உண்மைதான்.

முதல் உலகப் போரில் கனடா நாட்டுப் படையினர் ராஸ் என்ற ரைபிளை ஏந்திச் சென்றார்கள். நம் நாட்டுப் போலீசார் பல்லாண்டுகள் வைத்திருந்த அதே த்ரீ நாட் த்ரீ தோட்டாதான் அதற்கும். ராஸின் அறை இறுக்கமானது. குறி மிகத் துல்லியம். ஆனால் 1915 ஏப்ரலில் ஈப்ர போர்க்களத்தில், அளவில் சற்று வேறுபட்ட பிரிட்டிஷ் தோட்டாக்களும் சேறும் சேர்ந்தபோது, சுட்ட கூடுகள் சிக்கிக்கொண்டன. போல்ட்டின் அமைப்பிலும் குறை இருந்தது. எதிரி முன்னேறி வரும் வேளையில் போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறக்க வேண்டியதாயிற்று. பல வீரர்கள் ராஸை எறிந்துவிட்டு, மாண்டவர்களின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். நம் லாகூர் டிவிஷன் வீரர்களும் அதே களத்தில் போரிட்டார்கள்.

பின்னர் ராஸ் ரைபிள்களின் அறைகளைப் பெரிய ரீமர் கொண்டு அகலமாக்கினார்கள். ஆயினும் நம்பிக்கை திரும்பவில்லை. 1916-இல் அது காலாட்படையிடமிருந்து திரும்பப் பெறப்பட்டது. தோட்டாவைத் தேர்ந்தெடுத்துத் துடைத்துச் சுடும் மறைந்திருந்து சுடுவோர் மட்டும் அதைக் கைவிடவில்லை. கருவி ஒன்றே, பயன்படும் இடம்தான் வேறு.

வட்டியூர்க்காவில் பயன்படும் பாயிண்ட் டூ டூ பந்தய ரைபிளுக்கும் இதே கணக்குதான். அதன் அறையை இறுக்கமாகவும் குட்டையாகவும் வெட்டுகிறார்கள். தோட்டா உள்ளே போனதும் ஈயக்குண்டு குழலின் சுருள்வரிகளைத் தொட்டு நிற்கும், கோணாமல் புறப்படும். ஒரே வகைத் தோட்டாவைச் சுத்தமாகப் பயன்படுத்துவோருக்கு அது பொருந்தும். கிடைத்த தோட்டாவையெல்லாம் போடுவோருக்குப் பொருந்தாது.

இன்னொன்று. ரீமரைச் சாணை பிடிக்கப் பிடிக்க அதன் அளவு குறையும். எனவே புது ரீமர் வெட்டும் அறையும், பலமுறை சாணை கண்ட ரீமர் வெட்டும் அறையும் ஒன்றாக இரா. ஆழத்தைக் கோ, நோ-கோ கேஜ் கொண்டு சரிபார்த்தே ஆகவேண்டும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் தேவைக்கேற்ப ரைபிள் செய்வித்துக்கொள்வோர் உண்டு. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி செய்வதும், மாற்றியமைப்பதும், பழுது பார்ப்பதும் குற்றம். திருச்சியில் பொன்மலை ரயில்வே பட்டறையும் உண்டு, 1966-இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலையும் உண்டு. பின்னதன் வேலையை வீட்டு லேத்தில் முயலக் கூடாது.

வெளிநாட்டில் ரைபிள் செய்விக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: எது மிகத் துல்லியமான ரீமர் என்று முதலில் கேட்காதீர்கள். நாம் என்றும் போடப்போகும் தோட்டா எது என்று முடிவு செய்யுங்கள். பிறகு ரீமரின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.